"வலிக்காது" என்று சொல்லாதீர்கள்: குழந்தைகள் வார்டில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் ஒருத்தி, ஊசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஒரு பையனிடம் போனாள். வாயில் சிரிப்பு, "மக்களே, சாப்பிட்டாயா?" என்று குசலம் வேறு (எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையையும் செல்லமாக மக்களே என்றுதான் கூப்பிடுவோம்). பையன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் போயிருந்த முழங்கையைத்தான் பார்த்தான். இருபது வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் போனேன்.

கை கழுவுவது, பெயரைச் சரிபார்ப்பது எல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொய் சொல்வது

அப்போது நான் நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்த புதிது. குளச்சல் பக்கத்திலிருந்து நான்கு வயதுப் பையனை வயிற்றுப்போக்கோடு தூக்கி வந்தார்கள். கண் குழிந்து, நாக்கு வறண்டு கிடந்தான். "எறும்பு கடித்தது போலக்கூட இருக்காது மக்களே" என்று சொல்லி, மருந்து ஏற்ற இரத்தக்குழாயில் செருகும் சின்னக் குழாயான கேனுலாவைப் போட்டேன். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவன் கத்தி ஓய்ந்த பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்கு நான் மூன்று நாள் கூலி கொடுத்தேன். தெர்மாமீட்டரைக் காட்டினால் "ஊசி" என்று அலறினான். ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு சர்க்கரைக் கரைசலை நான் நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வான். அதே டம்ளரை அவன் அம்மா வாங்கிக் கொடுத்தால் மடக்மடக்கென்று குடிப்பான். இரண்டாம் நாள் இரவு கேனுலாவைப் பிடுங்கிவிட்டான். மறுபடி போட நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று இடத்தில் குத்தினோம். நான் மிச்சப்படுத்த நினைத்தது ஒரு நிமிட அழுகையை.

இதைவிட எரிச்சலூட்டும் ஒன்று உண்டு. "சேட்டை செய்தால் சிஸ்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று பாட்டி மிரட்டுவார்; நம் ஆட்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பலர், தான் செய்த குற்றத்துக்குத்தான் நோய் வந்தது என்று தாமாகவே நம்புகிறவர்கள். தம்பியை அடித்ததால் காய்ச்சல், ஐஸ் தின்றதைச் சொல்லாமல் மறைத்ததால் இருமல். அதற்கு நாமும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமா? பாட்டியைக் கோபிக்காமல், அவர் காது கேட்கவே பிள்ளையிடம் சொல்லுங்கள்: "சேட்டைக்கெல்லாம் ஊசி கிடையாது. காய்ச்சல் குறையத்தான்."

என்ன சொல்லலாம்? "சுருக்கென்று குத்தும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். அழலாம், கையை மட்டும் அசைக்காதே." இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைச் சற்று முன்னால் சொன்னால் போதும், காலையிலேயே சொன்னால் பகல் முழுவதும் பயந்து கிடக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குக் கேள்விகள் இருக்கும்.

அனுமதி கேட்பது

"ஊசி போடலாமா?" "வேண்டாம்." இப்போது என்ன செய்வீர்கள்? "எந்தக் கையில் போடட்டும்?" என்று கேளுங்கள், அதுவும் இரண்டு கையிலும் போட முடியும் என்றால் மட்டும்.

"கொஞ்சம் இரத்தம் எடுக்கிறேன்"

சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் என்பதற்கு அளவு கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் அந்த ஓட்டை வழியாக ஒழுகிவிடும் என்று பயப்படும். எடுத்து முடித்ததும் ஒட்டும் சின்ன பிளாஸ்திரி நமக்குச் சாதாரணம். அதற்கு அதுதான் அடைப்பு. மறக்காமல் ஒட்டுங்கள்.

"வலிக்கிறதா?"

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கத்தில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் உண்டு. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. நீங்கள் வயிற்றை அமுக்கிக்கொண்டு "வலிக்கிறதா" என்று கேட்டால் அது விழிக்கத்தான் செய்யும். நோவு என்ற சொல் இரண்டு பக்கமும் செல்லும். வெளி மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே இதைக் குறித்துக்கொள்ளலாம்.

எடையைக் கண்ணால் மதிப்பது

தராசு பக்கத்திலேயே இருக்கிறது.

தாயை வெளியே நிறுத்துவது

வேண்டாம். ஒன்றரை மாதத் தடுப்பூசியில்கூட, மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளை குறைவாகவே அழும்.

முதலில் தொடுவது

எட்டு ஒன்பது மாதப் பிள்ளைக்கு அந்நிய முகமே போதும், வீறிட்டு அழும். அழுதபின் எண்ணும் மூச்சுக்குப் பொருளே இல்லை. இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு நிமிடத்துக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலே வேகமான மூச்சு. அழுகிற பிள்ளை எளிதில் அதைத் தாண்டிவிடும், நீங்களும் நிமோனியாவோ என்று டாக்டரை எழுப்புவீர்கள். தாயின் தோளில் தூங்கும்போதே, சட்டையை மெல்ல விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். அதுவரை ஸ்டெதாஸ்கோப் உங்கள் கழுத்திலேயே கிடக்கட்டும். தொண்டையையும் காதையும் கடைசியில் பாருங்கள்.