வயலும் லேபிளும்: பிழைக்கப் போன நாட்டில் செய்யக்கூடாத தவறுகள்

வேறு நாட்டுக்குப் பிழைக்கப் போய், அங்கே விவசாயத்தில் இறங்கி, விளைந்ததைச் சொந்தப் பெயரில் விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மழைக்கும் பூச்சிக்கும் கடனுக்கும்தான் பயப்படுகிறார்கள். அதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது காகிதம். எழுதாமல் விட்டது, யார் பெயரிலோ எழுதியது, எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது. கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு அரிசிக் கதையும் ஒரு மிளகாய்க் கதையும் உண்டு.

அரிசிக்காரர் கெய்சபுரோ கோடா. ஜப்பானில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், 1908-ல் அமெரிக்கா வந்தார். எண்ணெய்க் கிணறு தோண்டினார், சலவைக் கடைகள் நடத்தினார், சூரை மீனை டின்னில் அடைத்தார். வயலுக்கு வந்தது 1920-களின் கடைசியில்தான். சவுத் டாஸ் பாலோஸ் என்ற ஊரில் நெல் போட்டார், விமானத்திலிருந்து விதை தூவினார். நெல்லாக விற்றுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளாமல் உலர்த்தும் களம், ஆலை, பை, பெயர் எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொண்டார். புதிதாக இறங்குபவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். நெல்லை அடுத்தவர் ஆலையில் கொட்டிய நொடியே அது உங்கள் நெல் இல்லை, வெறும் மூட்டைக் கணக்கு. பிறகு என்ன லேபிள் ஒட்டினாலும் உள்ளே இருப்பது யார் வீட்டு அரிசி என்று உங்களுக்கே தெரியாது.

நிலம் யார் பெயரில்? 1913-ல் வந்த கலிஃபோர்னியச் சட்டப்படி கோடா போன்ற ஜப்பானியர்கள் நிலம் வாங்க முடியாது; 1920-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளை வைத்துத்தான் அவர் நிலத்தைச் சேர்த்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது, ஜப்பான் எதிரி நாடானது. 1942-ல் கோடா குடும்பத்தைக் கொலராடோவில் அமாச்சி முகாமில் அடைத்தார்கள். 1945-ல் திரும்பியபோது, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன நிலத்தில் பெரும்பகுதி விற்றுத் தீர்ந்திருந்தது. ஆலையும் இல்லை. இதைக் கோடாவின் தவறு என்று சொன்னால் பாவம். அது அரசு இழைத்த அநியாயம். ஆனால் அப்படி எந்தச் சட்டமும் தடுக்காத இடத்தில்கூட, 'வரி மிச்சமாகும்' என்று மச்சான் பெயரில் பத்திரம் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்களே, அவர்களை என்ன சொல்வது?

அப்புறம், ரகம். கோடா குடும்பம் மறுபடி எழுந்து, 1963-ல் கொகுஹோ ரோஸ் என்ற சொந்த ரகத்தைக் கொண்டுவந்தது. பயிர் உயரமாக வளரும், சாயும், தாமதமாக விளையும், மகசூலும் குறைவு. கணக்குப் பார்ப்பவர் முதல் வருஷமே மாற்றியிருப்பார். ஆனால் வாங்குபவர் தேடி வந்தது அந்தச் சோற்றின் ருசிக்குத்தான். பையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ரகத்தை மாற்றினால் சாப்பிடுகிறவருக்கு முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். (இவர்கள் கொண்டுவந்த மோச்சிகோ மாவும் பிரபலம். அரிசி மாவுதானே என்று அதில் இடியாப்பம் பிழியப் போகாதீர்கள். அது ஒட்டரிசி, பிசின்தான் கிடைக்கும்.)

சரி, மிளகாய். டேவிட் டிரான் வியட்நாமில், அமெரிக்கச் சிப்பாய்கள் தூக்கிப்போட்ட குழந்தை உணவு பாட்டில்களில் மிளகாய்ச் சாந்து அடைத்து விற்றவர். 1978-ல் கப்பலேறித் தப்பி, 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் கம்பெனி தொடங்கினார். தன்னை ஏற்றி வந்த கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்: ஹுய் ஃபாங். பச்சை மூடியும் சேவல் படமும் கொண்ட ஸ்ரீராச்சா மிளகாய்ச் சாஸ் பாட்டில் அவருடையதுதான். ஸ்ரீராச்சா தாய்லாந்தில் ஒரு கடற்கரை ஊர். அந்தப் பெயரை அவர் வர்த்தக முத்திரையாக்கிக்கொள்ளவில்லை, அதனால் டபாஸ்கோ உட்படப் பெரிய கம்பெனிகள் தாங்களும் ஸ்ரீராச்சா போட்டன. பலர் இதைத்தான் அவருடைய பெரிய தவறு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர்ப் பெயரை எப்படியும் பூட்டி வைக்க முடியாது. சேவலைப் பூட்டிவைத்தார், அது போதும்.

பெரிய தவறு வயலில் நடந்தது. இந்தச் சாஸுக்கு வற்றல் ஆகாது; செடியிலேயே சிவக்கப் பழுத்த ஹலபேன்யோ ரக மிளகாய் வேண்டும், பறித்த கையோடு அரைக்க வேண்டும். அரைப்பது வருஷத்தில் சில மாதங்கள்தான். அந்த மாதங்களில் மிளகாய் வராவிட்டால் வருஷம் முழுக்க சாஸ் இல்லை. 1988-ல் கிரெய்க் அண்டர்வுட் என்ற விவசாயி, மிளகாய் போட்டுத் தருகிறேன் என்று கடிதம் எழுதினார். 50 ஏக்கரில் ஆரம்பித்தது, சுமார் 1,700 ஏக்கர்வரை போனது. 28 வருஷம். டிரானுக்கு ஒரே விவசாயி, அண்டர்வுட்டின் மிளகாய்க்கு ஒரே வியாபாரி. பெரும்பாலும் நம்பிக்கையின் பேரில் ஓடியது.

நடுவில், டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பதை விட்டுவிட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாறினார்கள். கேட்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் டன் கணக்கில் விளைச்சல் குறைந்தால் அடி விவசாயிக்கு, ஏக்கர் கணக்கில் அடி வாங்குபவருக்கு. முன்பணம் எவ்வளவு, மிச்சம் எப்போது திரும்பும், அடுத்த வருஷம் எத்தனை ஏக்கர் என்று எந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும்? இந்த மூன்றும் கையெழுத்தோடு இருக்க வேண்டியவை. கடைசியதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விவசாயி குத்தகை பேசுவதும் நாற்றுக்குச் சொல்வதும் அறுவடைக்குப் பல மாதம் முன்பு.

2016-ல் உறவு முறிந்தது. கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு ஹுய் ஃபாங் வழக்குப் போட்டது. 2019-ல் ஜூரி அந்தப் பணம் திரும்ப வேண்டும் என்றது, சுமார் 14.5 லட்சம் டாலர். ஆனால் அதே ஜூரி, ஒப்பந்தத்தை மீறியதற்காகவும் உண்மையை மறைத்ததற்காகவும் ஹுய் ஃபாங் அண்டர்வுட்டுக்கு 2 கோடியே 33 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது.

அதற்கு முன்பே, 2013-ல், இர்விண்டேல் நகர நிர்வாகம் அங்கிருந்த ஹுய் ஃபாங் ஆலையின் மிளகாய் நெடிக்காக வழக்குப் போட்டு அடுத்த வருஷம் கைவிட்டிருந்தது. ஊரே தும்மிய வழக்கைத் தாங்கிய கம்பெனி, நல்ல விவசாயியை இழந்த பிறகு தடுமாறியது. 2022-ல் மிளகாய்ப் பற்றாக்குறையால் தயாரிப்பை நிறுத்தியது. கடைகளில் அலமாரி காலியானது.

அண்டர்வுட்டும் சும்மா இருக்கவில்லை. அவர் பண்ணையே இப்போது ஸ்ரீராச்சா போடுகிறது. லேபிளில் சேவலுக்குப் பதில் டிராகன்.