கடமையில் உயிர்நீத்த தீயணைப்பு வீரருக்கு முதலாம் ஆண்டு நினைவு: கொழும்பில் செய்யும் முறை

முதலில் நாள். வீட்டில் திவசம் திதி பார்த்து நடக்கும். நிலையத்தில் அவரோடு தோள் கொடுத்தவர்களுக்கோ அந்தத் திகதிதான் மனதில் நிற்கும். இரண்டும் ஒரே நாளில் விழுவது அரிது; ஒன்றரை வாரம் முதல் மூன்று வாரம் வரை முன்பின்னாகும். ஒன்றாக்க முயலாமல், திதியில் வீட்டுக் கிரியையையும் திகதியில் நிலைய அஞ்சலியையும் வையுங்கள்.

நிலையத்தில் செய்வதானால் பொறுப்பதிகாரிக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கொடுங்கள். கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புப் படை என்றால் கடிதம் சிங்களத்திலும் இருந்தால் வேலை சுணங்காது. வேலை முறை (ஷிப்ட்) மாறும் நேரத்தைக் கேளுங்கள். வேலை முடிந்து இறங்குபவர்களும் வேலைக்கு ஏறுபவர்களும் அப்போதுதான் ஒன்றாக நிற்பார்கள். வண்டிகள் வெளியேறும் வாசலில் பந்தலோ கதிரையோ மலர்வளையமோ வைக்கக் கூடாது. தீயணைப்பு அவசர எண் 110க்கு அழைப்பு வந்தால் பாதியில் ஓடத்தான் செய்வார்கள், அது அவமரியாதை அல்ல. ஆகவே விளக்கேற்றலும் ஒரு நிமிட மௌனமும் முதலில், பேச்சு கடைசியில். பூவிதழைத் தரையில் தூவ வேண்டாம்: ஈரமான சீமெந்தில் சப்பாத்து வழுக்கும். தாம்பாளத்தில் வையுங்கள். காற்றுக்கு விளக்கு அணையாதிருக்கக் கண்ணாடிக் கூடு தேவை.

அதிக கவனம் நினைவு மலருக்கு, அதாவது அச்சிடும் நினைவுப் புத்தகத்துக்கு, வேண்டும். முப்பத்தோராம் நாள் கல்வெட்டு (அன்று கொடுத்த நினைவுப் புத்தகம்) துக்கத்தின் அவசரத்தில் அச்சானது. அதன் பிழைகளைத் திருத்த இதுவே சந்தர்ப்பம். பதவிப் பெயரை, சேர்ந்த திகதியை நியமனக் கடிதத்தைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து அல்ல. 'ஒட்சிசன் சிலிண்டரோடு உள்ளே போனார்' என்று எழுதிவிடுவார்கள். தீயணைப்பாளர் முதுகில் சுமப்பது அழுத்திய சாதாரண காற்று. உடன் வேலை செய்தவர் ஒருவர் இதை வாசித்துப் பார்த்தால் இப்படியான பிழை தப்பாது. விசாரணை முடியாவிட்டால் விபத்தின் காரணத்தைத் தொடாதீர்கள். சம்பவ இடத்துப் படம் ஒன்றுகூட வேண்டாம், பிள்ளைகள் அதைப் பிறகும் புரட்டுவார்கள். அவர் குழாய் பிடித்த விதம், புதியவர்களுக்குப் பழக்கியது, இரவு முறையில் சமைத்தது என்று சக வீரர்களிடம் ஆளுக்கு நாலு வரி கேளுங்கள். சிங்களத்தில் சொன்னால் மூலத்தையும் தமிழாக்கத்தையும் அடுத்தடுத்துப் போடலாம்.

நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 16, 20, 24. படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து அச்சில் மங்கும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள். அச்சகம் பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துரு பாவித்தால், யுனிகோடிலிருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ' சிதையும். மாற்றிய பிறகு வரும் புரூப்பை (அச்சுக்கு முந்திய மாதிரியை)த்தான் வரிக்கு வரி பார்க்க வேண்டும், அதுவும் பெயரை மூன்று மொழியிலும்.

நினைவுக்கல் வைப்பதென்றால் கருங்கல்லில் செதுக்கிய எழுத்தே நல்லது. ஒட்டிய உலோக எழுத்து கடற்காற்றில் கறுத்து உதிரும். கல்லின் அடியில் கற்பூரம் கொளுத்தினால் புகைக்கறை ஏறும், தள்ளி ஒரு தட்டில் ஏற்றுங்கள்.

அடுத்த வருடங்களில் பெரிதாகச் செய்ய முடியாவிட்டால் மே 4 இருக்கிறது, சர்வதேச தீயணைப்பாளர் தினம். 1998 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் லின்டனில் காட்டுத்தீயில் ஐந்து தீயணைப்பாளர்கள் இறந்ததை அடுத்து உருவானது. அன்று நெருப்புக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம் என இரண்டு நாடாவைச் சேர்த்து நெஞ்சில் குத்துவார்கள். புறக்கோட்டைக் கடைகளில் நிறத்துக்கு ஒரு முழம் நாடா வாங்கினால் வீட்டார் எல்லாருக்கும் காணும்.