‘சரி’ என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தமா? ஒரு போன் பேச்சைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ப்ளம்பருக்குப் போன் போட்டேன். “அண்ணே, அடுத்த வியாழன் வந்து டேங்க் வால்வை மாத்திக் குடுத்துருங்க.” “சரி தம்பி.” அவ்வளவுதான் பேச்சு. இரண்டே நாளில், நான் வெளியூரில் இருக்கும்போது அவரிடமிருந்து அழைப்பு: “என்ன தம்பி, வரச்சொல்லிட்டு வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டீங்க?”

யாரும் பொய் சொல்லவில்லை. லைனும் தெளிவாகத்தான் இருந்தது. அப்புறம் எங்கே பிசகியது? உங்களிடமும் இப்படி ஒரு பேச்சு கட்டாயம் இருக்கும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே செய்து பாருங்கள்.

படி 1: சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள்

நினைத்ததை அல்ல, வாயிலிருந்து வந்த சொற்களை மட்டும். நான் முதலில் எழுதியது “அடுத்த வாரம் வியாழன்” என்று. யோசித்தால், ‘வாரம்’ என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. மனசுக்குள் இருந்தது தாளுக்கு வந்துவிட்டது. பாதிப் பிழைகள் இந்தப் படியிலேயே அகப்பட்டுவிடும்.

படி 2: யார், யாரிடம், எங்கே, எப்போது, எதற்காக

இந்தக் கேள்விகளுக்காக வெளிநாட்டுப் பாடப்புத்தகம் தேட வேண்டாம். தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம்தான். ஆனாலும் ப்ளம்பரிடம் பேசும் பேச்சுக்குத் தாராளமாகப் பொருந்துகிறது. என் தாளில் ‘களன்’ என்ற இடத்துக்கு வந்தபோதுதான் உறைத்தது: நான் சாய்ந்து உட்கார்ந்து பேசினேன், அவர் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில், கையில் குழாயோடு நின்று கேட்டார்.

படி 3: சொல்லாமல் விட்டதைத் தேடுங்கள்

அதே பட்டியலில் ‘எச்சம்’ என்றும் ஒன்று உண்டு. சொல்லில் முடியாமல், கேட்பவர் இட்டு நிரப்பிக்கொள்ளும்படி மிச்சம் நிற்பது. நாம் பேசுவதில் பாதி எச்சம்தான். கிளம்பும்போது “வரேன்” என்கிறோம். போகிறவர் ஏன் வருகிறேன் என்கிறார் என்று எந்தத் தமிழரும் திகைப்பதில்லை. புதிதாகத் தமிழ் கற்பவர் திகைப்பார்.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், இருவரும் வெவ்வேறு விதமாக நிரப்பும்போது. செவ்வாயன்று சொன்ன ‘அடுத்த வியாழன்’ அவருக்கு இனி வரப்போகும் வியாழன். எனக்கு அதற்கும் அடுத்தது. இரண்டுமே நல்ல தமிழ். ஆகவே தாளில் இரண்டு விதமாக நிரப்பக்கூடிய சொற்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள்: நாள், மணி, அளவு, ‘அவர்’, ‘அங்கே’, ‘கொஞ்சம்’. ‘சாயந்திரம்’ என்பதையும் விடாதீர்கள்.

படி 4: வழியையும் இரைச்சலையும் குறியுங்கள்

1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், செய்தி பயணப்படும் விதத்தை ஒரே படத்தில் வரைந்தார்: மூலம், அனுப்பும் கருவி, தடம், வாங்கும் கருவி, போய்ச் சேரும் இடம், தடத்தின் குறுக்கே இரைச்சல். தொலைபேசி, தந்தி போன்றவற்றுக்கான படம் அது. பொருள் புரிந்ததா என்பது தன் கணக்கில் இல்லை என்று அவரே ஒதுக்கிவிட்டார். நமக்கு அதுதானே முக்கியம்! ஆகவே மாடியில் ஓடிய டிரில்லிங் மெஷின் மட்டுமல்ல, அவர் மனதில் ஓடிய அடுத்த வேலையும் இரைச்சல்தான்.

வழி மாறினால் கூட வருவதும் மாறும். வாட்ஸாப்பில் குரல் இல்லை, முகம் இல்லை. இதைச் சொன்னதும் சிலர் “பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான்” என்று ஆரம்பிப்பார்கள். நம்பாதீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்தெடுத்த கணக்கு அது. விருப்பு வெறுப்பைக் காட்டும்போது சொல், குரல், முகம் ஆகியவை முரண்பட்டால் எதை நம்புகிறோம் என்பதற்கு மட்டும் உரியது. வால்வு மாற்றும் தேதியை முகபாவத்தில் சொல்ல முடியாது.

படி 5: திரும்பி வந்தது என்ன?

ஷானனின் அந்தப் படத்தில் திரும்பி வரும் அம்புக்குறி கிடையாது. மனிதப் பேச்சுக்கு அது இல்லாமல் முடியாது. என் பேச்சில் திரும்பி வந்தது ஒரு “சரி”. ‘காதில் விழுந்தது’, ‘புரிந்தது’, ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘போனை வை’ என்று எத்தனை பொருள் அதற்கு!

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் இப்படி ஒரு ‘ஓகே’ ஒலித்தது. மூடுபனி. ஒரே ஓடுபாதையில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747-கள். கேஎல்எம் துணை விமானி, கிளம்புகிறோம் என்றும், கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்றும் இரண்டு விதமாக எடுக்கக்கூடிய ஆங்கிலத்தில் சொன்னார். கட்டுப்பாட்டு அறை “ஓகே” என்றது. ஒரு கணம் விட்டு, “காத்திருங்கள்” என்றது. அதே நொடியில் பான் ஆம் விமானமும் தான் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகச் சொல்ல, இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதி வெறும் கீச்சொலியானது. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த “ஓகே” மட்டும். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு விமானப் பேச்சில் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, அந்த அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் பயன்படுத்துவதில்லை. முக்கியமான உத்தரவுகளுக்கு ‘ஓகே’ போதாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

நாமும் அதையே கடன் வாங்கலாம். ஆனால் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். பெரியவர்களிடம் அது மரியாதைக் குறைவு. தவிர, அதற்கும் பதில் “சரி”தான். பதிலில் விவரம் வரும்படி கேளுங்கள்: “என்னைக்கு வர்றீங்க?”, “எத்தனை மணிக்கு நான் வீட்டுல இருக்கணும்?”

படி 6: மறுபடி பேசுங்கள்

அடிக்கோடிட்ட சொற்களுக்குப் பதில் தேதி, மணி, அளவு போட்டு எழுதி, அதே ஆளிடம் பேசிப் பாருங்கள். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம்:

“அண்ணே, 14-ஆம் தேதி, வியாழன், காலையில பத்து மணி. நான் வீட்டுலதான் இருப்பேன். நீங்க என்னைக்கு வர்றீங்கன்னு ஒருதரம் சொல்லிருங்க.”

“14, வியாழன், பத்து மணி. அது சரி தம்பி, வால்வு ஒரு இஞ்சா, முக்கால் இஞ்சா?”

அதை நான் அளந்தே பார்க்கவில்லை.