கல்லில் உள்ள மாயா தேதியை நம் தேதியாக மாற்றுவது எப்படி

மாயா கல்வெட்டில் நீள்கணக்குத் தேதி, அதாவது ஒரு தொடக்கநாளிலிருந்து கடந்த நாட்களின் கணக்கு, பெரும்பாலும் தொடக்கத்திலேயே நிற்கும். பெரிய முகப்புக் குறி ஒன்று, அதன்பின் ஐந்து குறிகள். இரண்டு நிரல்களைச் சேர்த்து இடமிருந்து வலமாக வரிவரியாகப் படியுங்கள். ஒரே நிரலில் கீழே இறங்கினால் வரிசை குலைந்துவிடும்.

புள்ளி 1, கோடு 5. மூன்று கோடும் நான்கு புள்ளியும் 19. சறுக்குவது புள்ளியில்தான். ஒற்றைப் புள்ளி வந்தால், இடம் வெறிச்சென்று இருக்கக்கூடாதென்று சிற்பி இருபுறமும் பிறை செதுக்கியிருப்பார். தேய்ந்த கல்லில் அது 3 போலவே தெரியும். பிறைக்கு மதிப்பு கிடையாது. பூஜ்யத்துக்கோ தனிக் குறி உண்டு, அதைத் தாண்டிப் போகாதீர்கள். எண்களைத் தலை உருவங்களாகச் செதுக்கிய கல்வெட்டுகளைப் பழகும்வரை ஒதுக்கி வைப்பது நல்லது.

அந்த ஐந்து குறிகளும் வரிசையாக ஐந்து கால அலகுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்: பக்தூன் 1,44,000 நாள், கத்தூன் 7,200, தூன் 360, வினால் 20, கின் 1. தூனை 400 என்று போட்டுவிடுபவர்கள் அதிகம். இருபது இருபதாக ஏறும் கணக்கு இந்த ஒரு படியில் மட்டும் பதினெட்டாகக் குறைகிறது, சூரிய ஆண்டுக்கு நெருங்கி வருவதற்காக.

பலெங்கே என்ற மாயா நகரின் மன்னர் பகாலின் பிறந்தநாள் 9.8.9.13.0. பெருக்கினால் 12,96,000 + 57,600 + 3,240 + 260 + 0 = 13,57,100. இதோடு, மாயாத் தொடக்கநாளை நம் கணக்கோடு இணைக்கும் 5,84,283-ஐக் கூட்டினால் 19,41,383. இதுதான் ஜூலியன் நாள் எண், வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் கணக்கு. தேதிமாற்றியில் இட்டால் கிரிகோரியன் கணக்கில் கி.பி. 603 மார்ச் 24, ஜூலியன் நாட்காட்டியில் மார்ச் 21. சில ஆய்வாளர்கள் 5,84,285 கூட்டுவார்கள், அப்போது இரண்டு நாள் தள்ளும். எந்த எண், எந்த நாட்காட்டி என்று எழுதாத தேதியால் பயனில்லை. மாற்றியைச் சோதிக்க 13.0.0.0.0 கொடுங்கள்: உலகம் அழியும் என்று ஊரே பேசிய 2012 டிசம்பர் 21 வரவேண்டும்.

இனி சரிபார்ப்பு. நாளை மாயர்கள் இரண்டு சுழற்சிகளாலும் குறித்தார்கள்: 1 முதல் 13 வரையிலான எண்ணும் இருபது நாள்பெயர்களில் ஒன்றும், பிறகு 365 நாள் ஆண்டின் மாதத் தேதி. நம் கணக்கு கல்லில் உள்ள இவற்றோடு பொருந்த வேண்டும். கணக்கின் தொடக்கநாள் 4 அஹாவ் 8 கும்கு. 13,57,100-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 4, அதை 4-உடன் கூட்டினால் 8. (13-ஐத் தாண்டினால் 13-ஐக் கழியுங்கள்.) 20-ஆல் வகுத்தால் மீதி இல்லை, ஆகவே பெயர் அஹாவ்தான். 365-ஆல் வகுத்தால் மீதி 30. கும்கு 8-லிருந்து 12 நாளில் அந்த மாதம் முடியும், ஆண்டின் கடைசியில் வரும் வயேப் 5 நாள், அடுத்து ஆண்டின் முதல் மாதமான போப்புக்கு மிச்சம் 13. மாதத்தின் முதல் நாள் 0 என்பதால் விடை 13 போப். 1-லிருந்து எண்ணினால் ஒருநாள் பிசகும்.

பகாலின் கல்பேழை மூடி விளிம்பில் வெட்டியிருப்பதும் 8 அஹாவ் 13 போப்தான். உங்கள் கல்வெட்டில் இப்படிப் பொருந்தாவிட்டால் பெருக்கலைத் திரும்பப் போடுமுன் அந்தப் பிறைகளை இன்னொரு முறை பாருங்கள்.