வண்ணத்துப்பூச்சி விடுகதை புனையும் முறை
வண்ணத்துப்பூச்சியைப் பற்றி விடுகதை புனைய விரும்புவோர், சிறகின் அழகை விட்டுவிட்டு, அதன் உடல் இயங்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும். அது கால்களால் சுவை அறிகிறது. முட்டையிட வரும் பெண் பூச்சி, இலையைக் காலால் தட்டிப் பார்த்தே தன் புழுவுக்கு உகந்த செடியா என்று தெரிந்துகொள்கிறது. இதிலிருந்து, ‘காலால் ருசி பார்ப்பாள், தான் தின்னாத இலையில் பிள்ளைக்குப் பந்தி வைப்பாள், அவள் யார்?’ என்ற விடுகதை பிறக்கிறது.

விடுகதைக்குப் பதில் பொது அறிவு வினாவாயின், விதிவிலக்குகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: வண்ணத்துப்பூச்சி பகலில் பறக்கும், அந்துப்பூச்சி இரவில் பறக்கும் என்று பொதுவாகச் சொன்னாலும், அந்துப்பூச்சிகளிலும் பகலில் பறப்பவை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வினா, கூட்டை விட்டு வெளிவரும் பூச்சியின் உறிஞ்சுகுழல் எத்தனை துண்டுகளாக இருக்கும் என்பதுதான். இரண்டு பாதிகளாக இருக்கும் அதைப் பூச்சி சுருட்டியும் நீட்டியும் ஒரே குழலாக இணைத்துக்கொள்கிறது.