கால்பேக் திடீர்னு நின்னுபோச்சா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

விண்டோஸ்க்கு சி ஷார்ப்ல ப்ரோக்ராம் எழுதுறவங்க நிறைய பேர் இதுல மாட்டுறாங்க. எந்த விண்டோ முன்னாடி வருதுன்னு தெரிஞ்சுக்க செட்வின்ஈவென்ட்ஹுக் (இப்படி நடந்தா எனக்குச் சொல்லுன்னு விண்டோஸ்கிட்ட பதிஞ்சு வைக்கிற ஃபங்ஷன், இப்படிப் பதியறதுதான் ஹுக்) போட்டிருப்பாங்க, கால்பேக்கும் (அப்படி நடக்கும்போது விண்டோஸ் கூப்பிடுற நம்ம ஃபங்ஷன்) ஒழுங்கா வந்துட்டே இருக்கும், பத்து நிமிஷம் கழிச்சு மொத்த ப்ரோக்ராமும் க்ராஷ். உடனே கால்பேக் ஃபங்ஷனுக்குள்ள ட்ரை கேட்ச் போட்டு, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு தேடுவாங்க. தப்பு அங்க இல்லவே இல்லைங்க, ஹுக் போட்ட அந்த ஒத்த வரியில இருக்கு.

அந்த வரியில நேரா மெத்தட் பேரைக் குடுத்தா, பின்னாடி புதுசா ஒரு டெலிகேட் ஆப்ஜெக்ட் (மெத்தடைச் சுட்டிக்காட்டுற பொருள்) உருவாகி அதுக்கான பாயின்டர் விண்டோஸ் கைக்குப் போகுது. விண்டோஸ் அதை வெச்சிருக்குன்னு கார்பேஜ் கலெக்டருக்கு (வேண்டாத ஆப்ஜெக்டை மெமரியிலேருந்து தானா நீக்குற டாட்நெட் பகுதி) தெரியாது, யாருக்கும் வேண்டாத பொருள்னு நெனச்சு கழிச்சு விட்டுரும், அடுத்த நோட்டிஃபிகேஷன் வரும்போது விண்டோஸ் இல்லாத இடத்தைப் போய் கூப்பிடும். அதனால டெலிகேட்டை க்ளாஸ்ல ஒரு ஃபீல்டா வைங்க, அன்ஹுக் பண்ற (ஹுக்கை எடுக்குற) வரைக்கும் அந்த க்ளாஸோட ஆப்ஜெக்டும் உயிரோட இருக்கணும். லோக்கல் வேரியபிள்ல வெச்சா டீபக் பில்டுல ஓடுற மாதிரி இருந்துட்டு ரிலீஸ்ல காலை வாரிடும். சந்தேகமா இருந்தா ரிலீஸ் பில்டுல ஹுக் போட்ட கையோட ஜிசி டாட் கலெக்ட் (கார்பேஜ் கலெக்டரை உடனே ஓட வைக்கிற ஃபங்ஷன்) கூப்பிட்டுப் பாருங்க, பத்து நிமிஷம் கழிச்சு வர்ற க்ராஷ் பெரும்பாலும் அப்பவே வந்துரும்.

க்ராஷும் இல்ல, கால்பேக்கும் வரலன்னா ஹுக் போட்ட த்ரெட்ல மெசேஜ் லூப் (விண்டோஸ் அனுப்புற மெசேஜை ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்குற லூப்) ஓடுதான்னு பாருங்க. அவுட் ஆஃப் கான்டெக்ஸ்ட் ஃப்ளாக் (கால்பேக்கை நம்ம ப்ரோக்ராமுக்குள்ளயே ஓட வைக்கிற ஆப்ஷன்) குடுத்திருந்தா அந்த லூப் கட்டாயம் வேணும், கன்சோல் ப்ரோக்ராம்ல த்ரெட் ஸ்லீப் போட்டுட்டு காத்திருந்தா விடிய விடிய ஒண்ணும் வராது. அன்ஹுக் பண்றதும் அதே த்ரெட்ல தான், வேற த்ரெட்ல கூப்பிட்டா ஃபெயில் ஆகும்.

கீபோர்டு லோ லெவல் ஹுக் (எந்த ப்ரோக்ராம்ல கீ அழுத்தினாலும் நமக்குத் தெரிய வைக்கிற ஹுக்) வெச்சிருக்கீங்கன்னா இன்னும் கவனம் வேணும், ஏன்னா கால்பேக்குக்குள்ளயே ஃபைல் எழுதுறது, டேட்டாபேஸ் தேடுறதுன்னு லேட் பண்ணா விண்டோஸ் 7லேருந்து அந்த ஹுக்கை சத்தமில்லாம எடுத்துரும், எர்ரர் கூட குடுக்காது. விண்டோஸ் 10ல 1709 வெர்ஷன்லேருந்து அதிகபட்சம் 1000 மில்லிசெகண்ட் தான் அவகாசம். வந்த தகவலை ஒரு க்யூவுல போட்டுட்டு உடனே திரும்பிடுங்க, வேலையை வேற த்ரெட் பாத்துக்கட்டும்.

பென்டிரைவ் சொருகினா தெரியணும்னு மெசேஜ் ஒன்லி விண்டோ (திரையில வராம, மெசேஜ் வாங்க மட்டும் இருக்கிற விண்டோ) உருவாக்கி, அதுல டிவைஸ் சேஞ்ச் மெசேஜ் தானா வரும்னு காத்திருக்கிறதும் வீண். அந்த வகை விண்டோவுக்கு பிராட்காஸ்ட் மெசேஜ் (எல்லா டாப் லெவல் விண்டோவுக்கும் பொதுவா அனுப்புற மெசேஜ்) எதுவும் போகாது. கண்ணுக்குத் தெரியாம மறைச்சு வெச்ச சாதாரண டாப் லெவல் விண்டோ ஒண்ணு வைங்க, புது டிரைவ் வந்ததும் மெசேஜ் அதுக்கு வந்து சேரும்.