வேர்ச்சொல் வழியாக ஆங்கிலம்: எங்கே சறுக்குகிறோம்?

'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது. லத்தீன் வேர். இது ஒன்று தெரிந்தால் இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர், சஸ்பெக்ட், ப்ராஸ்பெக்ட் என்று ஒரு கொத்துச் சொற்கள் சுலபமாகப் பிடிபடும். பேங்க் எக்ஸாம் கோச்சிங் வகுப்புகளில் இந்த வேர்ப் பட்டியலை ஜெராக்ஸ் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல வழிதான், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நெட்டுரு போடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் வேர் என்பது சொல் மறக்காமல் இருக்க ஒரு பிடி, அவ்வளவுதான். அதையே அர்த்தம் என்று எடுத்துக்கொள்ளும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது.

அதிகம் பேர் செய்யும் தவறு, பழைய அர்த்தம்தான் 'உண்மையான' அர்த்தம் என்று நம்புவது. 'டெசிமேட்' என்ற சொல்லைப் பாருங்கள். கலகம் செய்த அல்லது களத்தில் பயந்து ஓடிய படைப்பிரிவில் சீட்டுப் போட்டு, பத்துப் பேருக்கு ஒருவரைக் கொல்வது ரோமானியப் படையில் இருந்த தண்டனை. பத்தாவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான் டெசிமேட். ஆனால் இன்று ஒரு நோய் ஓர் ஊரின் கோழிகளை டெசிமேட் செய்தது என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதினால், பெரும்பகுதி செத்துவிட்டது என்று பொருள். பத்தில் ஒன்று போய் ஒன்பது மிச்சம் என்று விடை எழுதினால் மார்க் போய்விடும்.

'நைஸ்' இன்னும் வேடிக்கை. அறியாதவன் என்ற லத்தீன் சொல்லில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது முட்டாள் என்று பொருள் தந்தது. அப்புறம் நாசூக்கு, நுணுக்கம் என்றெல்லாம் நகர்ந்து, கடைசியில் இனிமையானது ஆகிவிட்டது. 'சில்லி' எதிர்த்திசையில் போனது: ஆசி பெற்றவர் என்று தொடங்கி அசட்டுத்தனத்தில் வந்து நின்றது. நமக்கும் இது புதிதல்ல. கருப்பூரம் நாறுமோ என்று ஆண்டாள் வெண்சங்கைக் கேட்டபோது நாறுவது என்றால் மணப்பது. இன்று கல்யாண வீட்டில் போய் மாலை நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்த தவறு, சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டுவது. பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர். பீடியாட்ரிக்ஸ் அமெரிக்க எழுத்துக்கூட்டலில் அதே மூன்று எழுத்தில்தான் (p-e-d) தொடங்கும். ஆனால் அது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். கால் வைத்தியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹோமிசைடில் இருக்கும் ஹோமோ லத்தீன், மனிதன் என்று பொருள். ஹோமோஜீனியஸில் இருப்பது கிரேக்கம், ஒரே மாதிரி என்று பொருள். ஹாம்பர்கரில் ஹாம் (பன்றித் தொடைக்கறி) கிடையாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துப் பெயர் அது. ஆங்கிலம் பேசுகிறவர்களே அதைத் தவறாக வெட்டித்தான் 'பர்கர்' என்ற தனிச் சொல்லை உண்டாக்கி, சீஸ்பர்கர் வரை போய்விட்டார்கள். அவர்கள் வெட்டினால் மொழியில் நிலைத்துவிடுகிறது; நாம் வெட்டினால் சிவப்பு மை.

'இன்' என்று தொடங்கினாலே எதிர்ப்பதம் என்ற கணக்கு இன்னும் மோசம். பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பது தீப்பிடிக்காது என்று சொல்வதற்காக அல்ல. தீ மூட்டுவது என்ற லத்தீன் வினையிலேயே அந்த 'இன்' ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் குழப்பத்தால் உயிர் போகலாம் என்றுதான் தீயணைப்புப் பாதுகாப்புத் துறையினர் வெறும் 'ஃப்ளேமபிள்' என்று எழுதச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. 'இன்ஃபேமஸ்' என்பவர் புகழ் இல்லாதவர் அல்ல, கெட்ட பெயரால் எல்லோருக்கும் தெரிந்தவர். 'இன்வேல்யுபிள்' மதிப்பில்லாதது அல்ல. நாம் விலைமதிப்பற்ற என்று சொல்வதும் அதே மாதிரிதான்.

கதைகளை நம்புவது தனி ரகம். பகட்டான என்று பொருள்படும் 'போஷ்' என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு: இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது இடப்பக்க அறையிலும், திரும்பும்போது வலப்பக்க அறையிலும் வெயில் குறைவாம். பணக்காரர்களின் டிக்கெட்டில் அதைக் குறிக்க, 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' (போகும்போது இடம், திரும்பும்போது வலம்) என்பதன் முதலெழுத்துகளை முத்திரை குத்தினார்களாம். அப்படி ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை யாரும் காட்டியதில்லை. நான்கு திசைகளின் முதலெழுத்து சேர்ந்து 'நியூஸ்' ஆனது என்பதும் இப்படித்தான். அது புதியவை என்று பொருள்படும் பன்மைச் சொல், வேறொன்றுமில்லை. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு ரொம்பப் பிடித்த 'சின்சியர்' கதையும் (லத்தீனில் 'சினே சேரா', அதாவது மெழுகில்லாமல்; விரிசலை மெழுகு பூசி மறைக்காத சிற்பி!) ஆதாரமில்லாததுதான். லத்தீன் மூலத்துக்குக் கலப்படமில்லாத, சுத்தமான என்று பொருள், அவ்வளவே. ராடார், லேசர் மாதிரி முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்வது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பழக்கம். அதற்கு முந்திய சொல்லுக்கு யாராவது இப்படி விரிவு சொன்னால் சந்தேகப்படுங்கள்.

நம் பக்கத்துக் கதைகளையும் விட்டுவைக்கக் கூடாது. 'எய்ட்' எட்டிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. லத்தீனில் ஆக்டோ, ஜெர்மனில் ஆக்ட், சமஸ்கிருதத்தில் அஷ்ட. ஆங்கிலச் சொல்லின் குடும்பம் அது. நம் எட்டோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். 'கேஷ்' கொஞ்சம் சுவாரசியமானது. ஆங்கிலத்தில் உண்மையிலேயே இரண்டு கேஷ் உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வருவது, பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது, மூலம் லத்தீன். தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்னச் செப்புக்காசைக் குறித்த இன்னொரு கேஷ், போர்த்துகீசியர் வாய் வழியாகப் போன நம் காசு. அதனால் முழுப் பெருமையும் இல்லை, வெறுங்கையும் இல்லை.

பெருமைப்பட வேறு சொற்கள் இருக்கின்றன. மிளகுத்தண்ணீர் மல்லிகடானி சூப் ஆனது, சுருட்டு செரூட் ஆனது. கட்டுமரம் கேட்டமரான் ஆனது. ஆனால் இதிலும் ஒரு வழுக்கல்: இன்றைய ஆங்கிலத்தில் கேட்டமரான் என்றால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உடல் கொண்ட படகு, பாய்மரமோ இயந்திரமோ வைத்தது. நம் கடற்கரைக் கட்டுமரத்தை வெறுமனே அப்படி எழுதினால் வெளிநாட்டுக்காரர் சொகுசுப் படகைத்தான் கற்பனை செய்வார். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது என்று ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும்.

வேர் சொல்லவே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: சொல்லை எப்படி, யாரிடம் பயன்படுத்துவது. 'டிஸ்கஸ்' லத்தீனில் உலுக்கிப் பிரிப்பது என்பதிலிருந்து வந்தது. தெரிந்துகொண்டால் மகிழ்ச்சி. ஆனால் 'டிஸ்கஸ் அபௌட்' தவறு, அபௌட் வேண்டாம் என்பதை அந்த வேர் சொல்லித்தராது. வாக்கியம் வாக்கியமாகப் படித்தால்தான் பழகும்.

1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன. அதனால் ஒரே வேலைக்கு இரண்டு சொல், மூன்று சொல்: நாட்டுச் சொல் 'பிகின்', பிரெஞ்சு வழி 'கமென்ஸ்'; நாட்டுச் சொல் 'பை', பிரெஞ்சு வழி 'பர்ச்சேஸ்'. அகராதி இரண்டுக்கும் ஒரே பொருள் போடும். ஆனால் சாப்பிடக் கமென்ஸ் பண்ணினேன் என்று நண்பருக்கு எழுதினால் சிரிப்பார். நம் ஆபீஸ் கடிதங்களில் இந்தக் கனமான சொற்களே நிறைவதற்கு, சினானிம் பட்டியலைப் பொருள் மட்டும் பார்த்து மனப்பாடம் செய்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிரெஞ்சு வழி வந்த 'மட்டன்' என்றால் இங்கிலாந்தில் முதிர்ந்த செம்மறியின் கறி. நம்மூரில் வெள்ளாட்டுக் கறியும் மட்டன்தான். எந்த வேரைத் தோண்டினாலும் இது தெரியாது.

அப்படியானால் வேர் எங்கேதான் முழுசாக வேலை செய்யும்? மருத்துவம், அறிவியல் சொற்களில். அவை பெரும்பாலும் திட்டமிட்டுக் கோத்தவை. நைஸ் போல உருண்டு தேய்ந்தவை அல்ல. '-ஐட்டிஸ்' என்றால் அழற்சி, ஹெபட் கல்லீரல், நெஃப்ர் சிறுநீரகம், ஆர்த்ர் மூட்டு. பத்திருபது துண்டுகள் தெரிந்தால் ஆஸ்பத்திரி போர்டுகளைப் பாதிக்குமேல் படித்துவிடலாம். இங்கேயும் பழைய பெயர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். மலேரியா என்றால் இத்தாலியனில் கெட்ட காற்று. 1897இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் பெயர் மாறவில்லை.

நோட்டில் எழுதுகிறவர்கள் வரிசையை மட்டும் மாற்றினால் போதும். முதலில் சொல் வரும் ஒரு வாக்கியம், நீங்கள் நிஜமாகவே படித்தது. அதன் கீழே இன்றைய பொருள். வேர் கடைசியில். பொருளுக்கும் பயன்பாட்டுக்கும் மாணவர்களுக்கான லேர்னர்ஸ் அகராதி. வேருக்கு எட்டிமாலஜி ஆன்லைன் தளம் இலவசமாகவே கிடைக்கிறது. இந்தியச் சொற்கள் என்றால் 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி படிக்கவே ருசியாக இருக்கும், ஆனால் பழசு. அதில் பார்த்ததைப் புதிய அகராதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில சொற்களுக்குத் தோற்றம் தெரியவில்லை என்று அகராதியே கைவிரித்துவிடும். நாய்க்கான 'டாக்' அப்படிப்பட்டதுதான். அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம்.